அபராதம் எப்படி வேலை செய்கிறது? களியக்காவிளை லாரிகளை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

கன்னியாகுமரி மாவட்டத்தில், பாறைக்கல்லும் எம்-சாண்டும் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) ஏற்றிக் கேரளத்துக்குச் செல்லும் டாரஸ் என்னும் பெரிய லாரிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கருத்துகள் தவறாமல் எழும். ‘அபராதத்தைப் பத்து மடங்காக்கினால் ஒரு வண்டியும் பாரம் கூட்டி ஏற்றாது’ என்பார் ஒருவர். ‘அபராதம் போடுவதெல்லாம் கஜானாவை நிரப்பத்தான், வண்டி ஓடத்தான் செய்யும்’ என்பார் இன்னொருவர். இருவரும் சட்டத்தில் எழுதியிருக்கும் தொகையை மட்டுமே பார்த்துப் பேசுகிறார்கள். அந்தத் தொகை எத்தனை நடைக்கு ஒரு முறை உண்மையில் வசூலாகிறது, அதை வசூலிக்க அரசுக்கு என்ன செலவாகிறது, அபராதத்துக்குப் பயந்தவன் வேறு எந்த வழிக்குப் போகிறான் என்பவையெல்லாம் அந்தப் பேச்சில் வருவதே இல்லை. இவற்றை முறையாகக் கேட்பதற்கென்றே பொருளாதாரத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. சட்டத் தண்டனைகளின் பொருளாதாரம் என்று அதைச் சொல்லலாம். அதன் அடிப்படைகளை நம் மாவட்டத்துச் சாலையையும் கடலையும் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரசு ஏன் பிடிக்க வேண்டும்?

பக்கத்து வீட்டு ஆடு உங்கள் வாழைக்கன்றை மேய்ந்துவிட்டால் போலீஸ் வர வேண்டியதில்லை. ஆடு யாருடையது என்று உங்களுக்குத் தெரியும், நட்டம் எவ்வளவு என்றும் தெரியும், அந்த நட்டத்தைக் கேட்டு வாங்கும் அக்கறையும் உங்களுக்கு இருக்கிறது. பேச்சில் தீரவில்லை என்றால் உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. நட்டப்பட்டவரே சட்டத்தைச் செயல்படுத்திக்கொள்ளும் இந்த வழி தனியார் அமலாக்கம் எனப்படும்.

பாரம் கூட்டிய லாரி தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் வழியாகப் போகும்போது நிலைமை வேறு. சாலை நொறுங்குவதன் நட்டம் அந்த வழியில் போகும் பல்லாயிரம் பேருக்கும், வரி கட்டும் எல்லோருக்கும் துளித்துளியாகப் பிரிந்துவிடுகிறது. எந்த லாரி எந்தக் குழியைப் போட்டது என்று எவராலும் காட்ட முடியாது. தன் பங்குக்கு வரும் சில ரூபாய் நட்டத்துக்காக ஒருவரும் வழக்குப் போட மாட்டார். தீங்கு செய்தவரை அடையாளம் காண்பது கடினமாகவும், தீங்கு பலர் மேல் சிதறியும் இருக்கும்போது, கண்காணிக்கவும் பிடிக்கவும் தண்டிக்கவும் சம்பளம் கொடுத்து ஆட்களை வைக்க வேண்டியிருக்கிறது. போலீஸ், வட்டாரப் போக்குவரத்து அலுவலர், கனிமவளத் துறை, மீன்வளத் துறை ஆகியோர் செய்யும் இந்த வேலைக்குப் பொதுச் சட்ட அமலாக்கம் என்று பெயர். சம்பளம் கொடுத்து என்ற சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி அதிலிருந்துதான் பிறக்கின்றன.

எழுதிய தொகையும் உண்மைத் தொகையும்

தலைக்கவசம் இல்லாமல் இருசக்கர வாகனம் ஓட்டினால் முன்பு அபராதம் 100 ரூபாய். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் அதை 1,000 ரூபாய் ஆக்கியது. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. பத்து மடங்கு உயர்ந்த பிறகும், நாகர்கோவிலில் ஆட்சியர் அலுவலகச் சந்திப்பை நெருங்கும் வரை தலைக்கவசத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு வந்து, சோதனை நடப்பது கண்ணில் பட்டதும் தலைக்கு ஏற்றுகிறவர்களைப் பார்க்கிறோம். எதிரே வரும் வண்டிக்காரர் முகப்பு விளக்கை இரண்டு முறை மினுக்கிக் காட்டினாலே போதும், பின்னால் வரும் பத்துப் பேரும் சுதாரித்துவிடுவார்கள்.

இவர்கள் 1,000 ரூபாய் என்ற தொகையைத் தெரியாதவர்கள் அல்லர். அந்தத் தொகை தங்கள் மேல் விழும் வாய்ப்பையும் சேர்த்தே எடைபோடுகிறார்கள். நூறு முறை தலைக்கவசமின்றிப் போனால் ஒரு முறை பிடிபடலாம் என்று ஒருவர் நினைத்தால், ஒரு பயணத்துக்கு அவர் மனத்தில் விழும் சுமை 1,000 ரூபாயில் நூறில் ஒரு பங்கு, அதாவது 10 ரூபாய். பிடிபடும் வாய்ப்பைத் தண்டனையின் அளவால் பெருக்கி வரும் இந்தத் தொகைக்கு எதிர்பார்ப்புத் தண்டனை என்று பெயர். அது தவறால் கிடைக்கும் ஆதாயத்தைவிடப் பெரிதாக இருந்தால் ஒருவர் பின்வாங்குவார் என்பது அடிப்படைக் கருத்து. இப்படிப் பின்வாங்கச் செய்யும் ஆற்றலே தடுப்பு விளைவு.

தண்டனையின் கொடுமையைவிட அதன் உறுதியே மனிதனைத் தடுக்கும் என்று இத்தாலியரான செசாரே பெக்காரியா 1764-லேயே எழுதிவிட்டார். அதைப் பொருளாதாரக் கணக்காக வடித்தவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கேரி பெக்கர். அவருடைய கட்டுரை 1968-இல் வந்தது, 1992-இல் நோபல் பரிசு பெற்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவருக்கு வாய்மொழித் தேர்வு நடத்தத் தாமதமாக வந்தபோது, காரைக் கட்டண நிறுத்தத்தில் விடுவதா, தடை செய்யப்பட்ட தெருவோரத்தில் விடுவதா என்று மனக்கணக்குப் போட்டுப் பார்த்ததிலிருந்தே இந்தச் சிந்தனை தொடங்கியதாக அவரே நோபல் உரையில் சொல்லியிருக்கிறார். தெருவோரத்தில்தான் விட்டார், அபராதச் சீட்டும் வரவில்லை.

சுருக்கமாக: ஒருவரைத் தடுப்பது எதிர்பார்ப்புத் தண்டனை. அதைத் தொகையைக் கூட்டியும் உயர்த்தலாம், பிடிபடும் வாய்ப்பைக் கூட்டியும் உயர்த்தலாம்.

ஒரு நடையின் கணக்கு

இப்போது லாரிக்கு வருவோம். அனுமதிக்கப்பட்ட எடையைத் தாண்டி ஏற்றினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின்படி 20,000 ரூபாயும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். கூடுதல் பாரத்தை இறக்கும் செலவும் அபராதம் கட்டுபவருடையதே. 2019-க்கு முன்பு இது 2,000 ரூபாயும் டன்னுக்கு 1,000 ரூபாயுமாக இருந்தது.

ஒரு டாரஸ் 10 டன் கூடுதலாக ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய கணக்கில் அபராதம் 12,000 ரூபாய். புதிய கணக்கில் 40,000 ரூபாய். அந்தக் கூடுதல் பாரத்தால் ஒரு நடைக்கு 6,000 ரூபாய் மிச்சம் கிடைக்கிறது என்றும், பத்து நடைக்கு ஒரு முறை எடைமேடையில் ஏற்றப்படுகிறது என்றும் கொள்வோம் (இவ்விரண்டும் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்). பழைய எதிர்பார்ப்புத் தண்டனை 1,200 ரூபாய், புதியது 4,000 ரூபாய். மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்திருக்கிறது, ஆனாலும் 6,000 ரூபாய் ஆதாயத்தை அது எட்டவில்லை. ஆகவே லாரி ஓடும். ‘இவ்வளவு அபராதம் போட்டும் ஓடுகிறார்களே’ என்ற வியப்புக்கு விடை இவ்வளவுதான். அதில் துணிச்சலும் இல்லை, பைத்தியக்காரத்தனமும் இல்லை.

இதே லாரியை நிறுத்த இரண்டு வழிகள் உள்ளன. அபராதத்தை 60,000 ரூபாய்க்கு மேல் உயர்த்தலாம். அல்லது 40,000 ரூபாயை அப்படியே வைத்துக்கொண்டு, நூறு நடையில் 15 நடைக்கு மேல் பிடிபடும்படி சோதனையைக் கூட்டலாம். இரண்டாவது வழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் மட்டும் கெடுபிடி கூடினால், பனச்சமூடு, நெட்டா, கொல்லங்கோடு என்று எல்லை தாண்டும் மற்றச் சாலைகளுக்கு வண்டிகள் திரும்பிவிடும். பிடிபடும் வாய்ப்பு என்பது ஒரு சாவடியில் எத்தனை வண்டிகளை நிறுத்தினார்கள் என்ற எண்ணிக்கை அன்று. ஓட்டுபவர் தேர்ந்தெடுக்கக்கூடிய எல்லா வழிகளிலும் மிக இளகிய வழியில் இருக்கும் வாய்ப்பே அது.

இந்தப் பெருக்கலில் மூன்றாவது எண் ஒன்றும் ஒளிந்திருக்கிறது. பிடிபட்ட பிறகு பணம் உண்மையில் கட்டப்படும் வாய்ப்பு. கேமரா படம் பிடித்து இ-சலான் அனுப்பிவிடும். ஆனால் அந்தச் சலான் செல்பேசியில் குறுஞ்செய்தியாகவே கிடந்தால், எவ்வளவு கேமரா வைத்தும் பெருக்கல் பூஜ்யத்தை நோக்கியே போகும். நிலுவையைக் கட்டினால்தான் எஃப்.சி. என்னும் வாகனத் தகுதிச் சான்று கிடைக்கும், உரிமை மாற்ற முடியும் என்று இணைக்கும் ஏற்பாடு, சோதனைக்கு ஒரு ஆளையும் கூட்டாமல் எதிர்பார்ப்புத் தண்டனையை உயர்த்துகிறது.

எவ்வளவு அபராதம் சரியான அபராதம்?

பலரும் வழுக்கும் இடம் இது. ஆதாயத்தைவிட அபராதம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறோம். பொருளாதாரம் கேட்கும் கேள்வி வேறு: அந்தச் செயலால் மற்றவர்களுக்கு நேரும் தீங்கு எவ்வளவு? அத்தீங்கை எதிர்பார்ப்புத் தண்டனையாகச் செய்தவர் மேலேயே ஏற்றிவிட்டால், தீங்கைவிட ஆதாயம் குறைவான செயல்களை அவரே கைவிட்டுவிடுவார். தீங்கைப் பிடிபடும் வாய்ப்பால் வகுத்தால் வருவதே பொருத்தமான அபராதம். ஒரு நடையின் தீங்கு 9,000 ரூபாய், வாய்ப்பு பத்தில் ஒன்று என்றால், அபராதம் 90,000 ரூபாய்.

தீங்கை அளப்பது கற்பனை வேலை அன்று. சாலைச் சேதம் சக்கர அச்சின் மேல் விழும் எடையின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயரும் என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் விதி. அச்சு எடை 20 சதவீதம் கூடினால் சேதம் இரு மடங்காகும். 50 சதவீதம் கூடினால் ஐந்து மடங்கு. அப்படியானால் டன்னுக்கு ஒரே சீராக 2,000 ரூபாய் என்ற வீதம், முதல் டன்னுக்குக் கூடுதலாகவும் பத்தாவது டன்னுக்குக் குறைவாகவும் இருக்க வாய்ப்புண்டு. டன் ஏற ஏற வீதமும் ஏறும் பட்டியலே தீங்கோடு பொருந்தும் என்பது என் கருத்து.

பிறகு ஏன் அபராதத்தைக் கோடியாக்கக் கூடாது?

பிடிப்பதற்குச் செலவாகும், அபராதம் எழுதுவதற்குச் செலவு இல்லை. அப்படியானால் மிகச் சிலரை மட்டும் பிடித்து மிகப் பெரிய அபராதம் போடுவதுதானே சிக்கனம்? பெக்கரின் கணக்கை நேராக நீட்டினால் இந்த முடிவுக்குத்தான் வந்து சேரும். அது நடைமுறையில் உடைவதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, கையில் இல்லாததை வாங்க முடியாது. இரண்டாவது, பெரிய தொகை ஊழலுக்குத் தீனி. 40,000 ரூபாய் அபராதத்தின் எதிரே நிற்பவருக்கு 10,000 ரூபாய் கையூட்டும் இலாபமாகத் தெரியும்; அபராதம் 4 இலட்சமானால், அவர் கொடுக்கத் துணியும் தொகையும் அதே அளவில் வளரும், சட்டம் அடைய நினைத்த எதிர்பார்ப்புத் தண்டனை மட்டும் வளராது. மூன்றாவது காரணம் கொஞ்சம் நின்று பார்க்கத் தக்கது.

ஒருவர் தவறு செய்வதா வேண்டாமா என்று மட்டும் யோசிப்பதில்லை. எந்தத் தவறைச் செய்வது என்றும் யோசிக்கிறார். சிறிய தவறுக்கும் பெரிய தவறுக்கும் ஒரே தண்டனை என்றால், பெரியதைச் செய்யாமலிருக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. பெரியதை விட்டுச் சிறியதோடு நிற்கச் செய்யும் இடைவெளிக்கு விளிம்புத் தடுப்பு என்று பெயர். 194-ஆம் பிரிவிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. எடை போட நிறுத்தச் சொல்லியும் நிறுத்த மறுத்தாலோ, எடை போடும் முன் பாரத்தைக் கொட்டிவிட்டாலோ ஓட்டுநருக்கு 40,000 ரூபாய் அபராதம். மேலே போட்ட கணக்கில், 10 டன் கூடுதல் பாரத்துக்கான அபராதமும் சரியாக 40,000 ரூபாய். பத்து டன்னுக்கு உட்பட்டவருக்கு நிறுத்தி எடை போடுவது மலிவு. 15 டன் கூடுதலாக ஏற்றியவருக்கு 50,000 ரூபாய் வருவதால், தொகையை மட்டும் பார்த்தால் நிறுத்தாமல் போவதே மலிவு. 2019-க்கு முன், நிறுத்தாமல் போவது மலிவாகத் தொடங்கும் இந்தப் புள்ளி இன்னும் கீழே இருந்தது: மறுத்ததற்கு அதிகபட்சம் 3,000 ரூபாய், ஒரே ஒரு டன் கூடுதல் பாரத்துக்கும் 3,000 ரூபாய். அதாவது இரண்டாவது டன்னிலிருந்தே நிறுத்தாமல் போவது இலாபமாக இருந்தது. திருத்தம் அந்தப் புள்ளியை ஒன்றிலிருந்து பத்துக்குத் தள்ளியது. அபராதம் உயர்ந்ததைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். இதைப் பற்றிப் பேசியவர்களை நான் பார்க்கவில்லை.

இதுவரை வந்ததைத் தொகுத்தால்: அபராதம் தீங்கை ஒட்டி, பிடிபடும் வாய்ப்புக்கு ஏற்பப் பெருக்கப்பட வேண்டும், ஆனால் கட்டும் சக்தி, கையூட்டு, பெரிய தவறுக்கும் சிறிய தவறுக்கும் இடையே வேண்டிய இடைவெளி ஆகியவை அதற்கு ஒரு கூரை போடுகின்றன.

சோதிக்க எளிய சட்டம்: கடலில் ஒரு பாடம்

தொகைக்குக் கூரை இருந்தால், மீதி வேலையைப் பிடிபடும் வாய்ப்புதான் செய்ய வேண்டும். அதைக் குறைந்த செலவில் எப்படி உயர்த்துவது? விடை சட்டத்தின் வடிவத்தில் இருக்கிறது.

தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 1983 விசைப்படகுகளுக்குப் போடும் விதிகளில் ஒன்று, கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்பது. சிறு படகில் மீன்பிடிக்கும் வள்ளக்காரர்களின் வலையை விசைப்படகின் இழுவைமடி (இழுவை வலை) அறுத்துக்கொண்டு போகாமலிருக்க இவ்விதி முக்கியமானது. ஆனால் ஒரு படகு அந்த எல்லைக்கு உள்ளே நின்றதா, வெளியே நின்றதா என்று காட்ட, அந்த நேரத்தில் அந்த இடத்தில் ஒரு ரோந்துப் படகு இருக்க வேண்டும். டீசலும் ஆளும் செலவாகும். வாய்ப்பு எப்போதும் குறைவாகவே இருக்கும்.

இதன் அருகில் ஆண்டுதோறும் வரும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை வைத்துப் பாருங்கள். சின்னமுட்டத்தைத் தங்குதளமாகக் கொண்ட விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கரைத் தடை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக்கு மேற்குக் கரைத் தடை, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு தடைகளும் ஒரே மாவட்டத்துக்குள் வருவது நம் மாவட்டத்தின் தனித்தன்மை. தடைக்காலத்தில் அதிகாரி கடலுக்குப் போக வேண்டியதே இல்லை. துறைமுகத்தில் நின்று கட்டியிருக்கும் படகுகளை எண்ணினால் போதும். ஓர் இடம் காலியாக இருந்தால் அதுவே சாட்சி. பக்கத்துப் படகுக்காரரும் பார்த்துக்கொண்டிருப்பார், தன் படகு கட்டிக் கிடக்கும்போது இன்னொருவர் அறுவடை செய்வதை அவர் பொறுக்க மாட்டார். பிடிபடும் வாய்ப்பு ஏறத்தாழ முழுமை; செலவோ மிகக் குறைவு. மீனைப் பாதுகாக்கும் நோக்கில் எந்த விதி சிறந்தது என்று கடலியல் அறிஞர் ஒரு விடை சொல்லலாம். எந்த விதி உண்மையில் காக்கப்படும் என்று கேட்டால், படகைக் கரையில் நிறுத்தும் விதி முந்திக்கொள்ளும்.

சாலையிலும் இதே வேறுபாடு உண்டு. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம் என்ற வரையறையை ஒரு கருவி நொடியில் சோதித்துவிடும். ‘ஆபத்தான முறையில் ஓட்டினார்’ என்பதை நிரூபிக்கச் சாட்சி வேண்டும், விசாரணை வேண்டும், ஆண்டுகள் ஆகும்.

அபராதம் விலையாக மாறும்போது

தண்டனையைக் கணக்காக மட்டும் பார்ப்பதில் ஓர் ஆபத்து உண்டு. இஸ்ரேலின் ஹைபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு 2000-இல் வெளியானது. குழந்தையைத் தாமதமாக அழைத்துச் செல்லும் பெற்றோருக்குச் சிறு அபராதம் விதித்தபோது, தாமதமாக வருவோர் குறையவில்லை, கூடினர். அதுவரை ஆசிரியையைக் காத்திருக்க வைக்கிறோமே என்று கூசியவர்கள், பணம் கட்டியதும் அந்தக் கூச்சத்தை இழந்தார்கள். அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலை திரும்பவில்லை.

தலைக்கவசத்துக்கான 100 ரூபாய் அபராதம் நெடுங்காலம் மாறாமல் இருந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது 100 ரூபாய் ஒரு கூலித் தொழிலாளியின் பல நாள் சம்பளம். முப்பது ஆண்டுகளில் விலைவாசி அதை ஒரு வேளைச் சாப்பாட்டுத் தொகையாக அரித்துவிட்டது. சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறாமலேயே தண்டனை தேய்ந்துபோனது. அதனால்தான் 2019 திருத்தம், ஆண்டுக்கு 10 சதவீதம் வரை அபராதங்களை உயர்த்தி அறிவிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்தது.

சிறையும், பணம் இல்லாதவரும்

அபராதம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பணம் மாறுவது. சமூகத்தின் மொத்தச் செல்வம் அதில் பெரிதாகக் குறைவதில்லை. கஜானாவுக்குப் போவதைக் குறைகூறுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்: வசூலான தொகை வரிச்சுமையை அந்த அளவுக்குக் குறைக்கத்தான் செய்கிறது. சிறை அப்படியல்ல. நாகர்கோவில் மாவட்டச் சிறையிலோ பாளையங்கோட்டை மத்தியச் சிறையிலோ ஒருவரை வைத்தால் சாப்பாடு, காவல், கட்டடம் ஆகியவற்றுக்கு அரசு செலவழிக்க வேண்டும். அவருடைய உழைப்பும் வருமானமும் நின்றுபோகும். யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. ஆகவே பணத்தால் தடுக்க முடிகிற வரை சிறையைத் தொடாமலிருப்பதே சிக்கனம். பணம் போதாத இடத்திலும், வெளியே விட்டால் மீண்டும் தீங்கு செய்வார் என்று அஞ்சும் இடத்திலும் சிறை தேவைப்படுகிறது. பின்னதற்குச் செயலிழக்கச் செய்தல் என்று பெயர். ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்தி வைப்பதும், சட்டவிரோதக் கனிமம் ஏற்றிய லாரியைப் பறிமுதல் செய்வதும் அதன் மலிவான வடிவங்கள்.

யார் மேல் விழ வேண்டும்?

பாரம் கூட்டச் சொல்பவர் ஒருவர், ஓட்டுபவர் ஒருவர் என்றால், தண்டனை ஓட்டுநர் மேல் மட்டும் விழுவதால் பெரிய பயனில்லை. அவருக்குக் கிடைப்பது அன்றாடப் படிப்பணம்; மிச்சம் உரிமையாளருக்குப் போகிறது. 194-ஆம் பிரிவு ஓட்டுபவரோடு, ஓட்டச் செய்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. அதை முழுமையாகப் பயன்படுத்தினால் முடிவெடுக்கும் இடத்துக்கே கணக்கு போய்ச் சேரும்.

இதே சிந்தனை இன்னும் தெளிவாகத் தெரிவது 2019-இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவில். பதினெட்டு வயது நிரம்பாத பையன் வண்டியோட்டிக் குற்றம் செய்தால், அவனிடம் கட்டப் பணம் இல்லை, பின்விளைவை எடைபோடும் பக்குவமும் இல்லை. சாவியைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுத்தவர் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோதான். ஆகவே அவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. இவற்றில் 25,000 ரூபாயைக் கட்டிவிட்டு மறந்துவிடக்கூடிய குடும்பங்கள் நம் ஊர்களில் நிறைய உண்டு, வளைகுடாப் பணம் வரும் வீடுகள் குறிப்பாக. பதிவு ரத்தான வண்டி ஓராண்டு போர்டிகோவில் நிற்பதும், மகன் கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் வயதிலும் உரிமம் இல்லாமல் இருப்பதும் அப்படிக் கட்டித் தீர்க்கக்கூடியவை அல்ல. பணக்கார வீட்டிலும் ஏழை வீட்டிலும் அவை ஒரே எடையில் விழுகின்றன.